முதுகெலும்பு மருத்துவர் ஆர்தர் ஹாட்ஜ்சன்: ஹாங்காங் முதல் சென்னை வரை ஒரு மருத்துவ வரலாறு



'என் எதிர்கால ஆசை' எனும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களில் பலரும் மருத்துவர் ஆவேன் என்றே எழுதுகின்றனர். வெள்ளை அங்கி அணிவேன், ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்ப்பேன், பெற்றோருக்குப் பெருமை சேர்ப்பேன் என்று கட்டுரை முடிந்துவிடும். அவ்வாசையில் குறை காண எனக்கு மனமில்லை. ஆயினும், ஒரு சிறப்பு மருத்துவர் உண்மையில் என்ன செய்கிறார், அவருடைய அறிவு எங்கிருந்து வருகிறது, தம் முறை சரிதான் என்பதை அவர் எவ்வாறு அறிந்துகொள்கிறார் என்பனவற்றை நாம் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. பெற்றோர்களும் எந்தத் துறைக்கு மதிப்பு அதிகம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

ஆகவே, முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவரின் பணி வரலாற்றை இங்கு எழுத விழைகிறேன். அவர் பெயர் ஆர்தர் ரால்ஃப் ஹாட்ஜ்சன் (1915–1993). அவர் பணியாற்றிய இடம் ஹாங்காங். அவர் எதிர்கொண்ட நோய் முதுகெலும்புக் காசநோய். அவருடைய கதை ஹாங்காங்கில் முடிந்துவிடவில்லை. சென்னை வரை நீண்டு, தமிழ் மருத்துவர்களின் கைக்கும் வந்து சேர்ந்தது. அதனால்தான் இக்கதை நமக்கும் நெருக்கமானதாகிறது.

பழமையான ஒரு நோய்

காசநோய் என்றதும் இருமலும் நுரையீரலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அக்கிருமி இரத்தத்தின் வழியே எலும்புகளையும் சென்றடையும். எலும்பைத் தாக்கும் காசநோயில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பையே தாக்குகிறது. எகிப்து நாட்டில் பதப்படுத்தி வைக்கப்பட்ட பழைய உடல்களிலும் இந்நோயின் அடையாளங்கள் காணப்பட்டுள்ளன. சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆமன் கோயில் பூசாரி ஒருவரின் உடலில், கூன் விழுந்த முதுகெலும்பும் அதிலிருந்து இறங்கிய சீழ்க்கட்டியின் தடமும் இருந்ததை 1910இல் ஆய்வாளர்கள் விரித்து எழுதினர்.

இலண்டன் செயின்ட் பர்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். முதுகு கூனலாகும் சிலருக்குக் கால்கள் செயலிழந்து போவதை அவர் கண்டார். இன்றளவும் இந்நோய் 'பாட் நோய்' என்றே மருத்துவ நூல்களில் குறிக்கப்படுகிறது. நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் 1882இல்தான் கண்டறிந்து அறிவித்தார். அதாவது, நோயை விவரித்த காலத்திற்கும் காரணத்தைக் கண்ட காலத்திற்கும் இடையே நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி.

நோய் முன்னே, மருத்துவம் பின்னே

இனி வரும் செய்தியைப் புரிந்துகொள்ள முதுகெலும்பின் அமைப்பைச் சற்று அறிந்திருத்தல் வேண்டும். அறிவியல் பாடத்தில் நாம் கற்பிப்பதுதான். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதன் கீழே ஒன்றோடொன்று இணைந்துவிட்ட 5, வால் பகுதியில் பெரும்பாலும் 4 என மொத்தம் 33 முள்ளெலும்புகள் உள்ளன. ஒவ்வொரு முள்ளெலும்பிலும் முன்பக்கம் உருளை போன்ற தடித்த பகுதி ஒன்று உண்டு. உடலின் எடையைத் தாங்குவது அதுவே. அதற்குப் பின்னால் ஒரு வளைவு. உருளைக்கும் வளைவுக்கும் இடையே உள்ள துளையில் தண்டுவடம் செல்கிறது. மூளையிலிருந்து கை கால்களுக்குச் செல்லும் கட்டளைகளெல்லாம் அத்தண்டுவடத்தின் வழியே செல்கின்றன.

காசநோய்க் கிருமி பெரும்பாலும் முன்பக்க உருளையைத்தான் அரிக்கிறது. அடுத்தடுத்த இரண்டு மூன்று உருளைகள் அரிக்கப்பட்டதும், அவை மேலிருக்கும் எடையைத் தாங்க இயலாமல் நொறுங்குகின்றன. பின்பக்க வளைவுகள் நன்றாக இருப்பதால் முதுகு முன்னோக்கி மடிகிறது. வெளியே கூன் புடைக்கிறது. உள்ளே சீழும் எலும்புத் துணுக்குகளும் சேர்ந்து தண்டுவடத்தை முன்னிருந்து அழுத்துகின்றன. நடந்து திரிந்த குழந்தை, பின் நடக்க இயலாமல் போகிறது.

நோய் முன்பக்கம், ஆனால் அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் பின்பக்கத்தையே நாடினர். காரணம் எளிது. முதுகில் தோலையும் தசையையும் விலக்கினால் வளைவுகள் கைக்கு எட்டும். முன்பக்கத்திலோ நுரையீரலும் இதயமும் பெருங்குருதிக் குழாய்களும் குறுக்கே நிற்கின்றன. ஆகவே, தண்டுவடத்தின் அழுத்தம் நீங்கட்டும் என்று பின்வளைவை வெட்டி எடுத்தனர். இதில் ஒரு பெருந்தீங்கு இருந்தது. நோயுற்ற பகுதியை அப்படியே விட்டுவிட்டு, நோயற்ற ஒரே தாங்கலை நீக்கிவிடுகிறோம் அல்லவா? முதுகு மேலும் மடிந்தது.

1911இல் நியூயார்க்கைச் சேர்ந்த ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி எனும் இருவர், தனித்தனியே வேறொரு வழியைக் கண்டனர். பின்வளைவுகளை வெட்டாமல், அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி இணைத்தனர். முதுகு அசையாமல் நின்றால் நோய் ஆறும் என்பது அவர்களின் எண்ணம். இது முன்னேற்றம்தான். ஆயினும், முன்னே உள்ள சீழும் செத்த எலும்பும் அங்கேயே கிடந்தன. மற்றபடி அக்கால மருத்துவம் என்பது படுக்கை ஓய்வும் மாவுக்கட்டும்தான். கடற்காற்று வீசும் மருத்துவ இல்லங்களில் குழந்தைகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அசையாமல் படுத்துக் கிடந்தனர்.

முன்வழியே செல்லும் முயற்சியும் நடவாமல் இல்லை. ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த இத்தோவும் அவர்தம் துணைவரும் 1934இல் அத்தகைய அறுவையைப் பற்றி எழுதினர். ஆனால், கிருமியைக் கொல்லும் மருந்து அன்று இல்லை. மருந்தில்லாமல் காசநோய்ச் சீழைத் திறப்பது பேராபத்து. எண்ணம் சரியாக இருந்தும் காலம் கனியவில்லை.

1951: ஹாங்காங்கில் ஒரு விரிவுரையாளர்

எடின்பரோவில் மருத்துவம் பயின்ற ஹாட்ஜ்சன், 1951இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவத் துறையில் முதுநிலை விரிவுரையாளராகச் சேர்ந்தார். எலும்பியல் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது.

அன்றைய ஹாங்காங்கின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். போர் முடிந்த 1945இல் அங்கு ஏறக்குறைய 6 இலட்சம் மக்கள் இருந்தனர். சீனாவிலிருந்து வந்து குவிந்த அகதிகளால் 1950களில் அத்தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. மலைச்சரிவுகளில் மரப்பலகையாலும் தகரத்தாலும் குடிசைகள் எழுந்தன. 1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஷேக் கிப் மெய் குடிசைப் பகுதியில் பற்றிய தீயில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். இவ்வாறு நெருக்கியடித்து வாழும் இடத்தில் காசநோய் பரவுவதற்குக் கேட்கவா வேண்டும்? அந்நாளில் ஹாங்காங்கில் மக்களை மிகுதியாகக் கொன்ற நோய்களுள் ஒன்றாக அது விளங்கியது. அங்கு வாழ்ந்த பார்சி வணிகர் ஜஹாங்கீர் ருட்டோன்ஜி, காசநோயால் தம் மகளைப் பறிகொடுத்தவர். அவருடைய கொடையால்தான் 1949இல் ருட்டோன்ஜி காசநோய் மருத்துவமனை அங்குத் திறக்கப்பட்டது.

இத்தகைய நகரில் எலும்பு மருத்துவம் பார்க்க வந்தவரிடம் கூன் விழுந்த குழந்தைகள் வரிசையாக வந்தனர். அவர்களை ஆண்டுக்கணக்கில் படுக்கவைக்க மருத்துவமனைகளில் கட்டில்கள் இல்லை. வீட்டில் படுக்கவைக்க வீடே இல்லை.

அதே வேளையில், மருந்துகளும் வந்து சேர்ந்திருந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. அடுத்துப் பாஸ் எனப்படும் மருந்தும், 1952இல் ஐசோனியாசிட் மருந்தும் பயன்பாட்டுக்கு வந்தன. மார்பைத் திறக்கும்போது நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கும் மயக்க மருத்துவமும், இரத்தம் ஏற்றும் வசதியும் முன்னேறியிருந்தன. 1934இல் இல்லாதது இப்போது இருந்தது.

முன்வழி அறுவை

1956இல் ஹாட்ஜ்சனும், அவர் துறையின் பேராசிரியர் பிரான்சிஸ் ஸ்டாக்கும் சேர்ந்து, பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் தங்கள் முறையை வெளியிட்டனர். 1960இல் முதல் 100 நோயாளிகளைப் பற்றிய விரிவான கட்டுரை வந்தது. அம்முறை 'ஹாங்காங் அறுவை' என்றே உலகில் பெயர் பெற்றது.

அதன் செயல்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோய் மார்புப் பகுதியில் இருந்தால், நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு விலா எலும்பை எடுத்து மார்பைத் திறப்பார்கள். நுரையீரலை மெல்ல ஒதுக்குவார்கள். பெரும்பாலும் இடப்பக்கமாகவே செல்வது வழக்கம். தடித்த சுவருடைய பெருந்தமனியைக் கையாள்வது, மெல்லிய சுவருடைய பெருஞ்சிரையைக் கையாள்வதைவிடப் பாதுகாப்பானது என்பதே காரணம். முதுகெலும்பின் முன்பக்கம் கண்ணுக்குத் தெரிந்ததும், சீழை வெளியேற்றி, செத்த எலும்பையும் சிதைந்த வட்டுகளையும் நல்ல எலும்பில் இரத்தம் கசியும் வரை சுரண்டி எடுப்பார்கள். தண்டுவடம் அழுத்தம் நீங்கித் துடிப்பதைக் கண்ணாலேயே காணலாம். பின்னர், மடிந்த முதுகை இயன்ற அளவு நிமிர்த்தி, எடுத்துவைத்த விலா எலும்பையோ இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டையோ முட்டுக்கட்டை போல அந்த இடைவெளியில் பொருத்துவார்கள். சில மாதங்களில் அது மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு ஒட்டி ஒரே தூணாகிவிடும்.

இதனால் விளைந்த மற்றொரு நன்மையும் குறிப்பிடத்தக்கது. அதுவரை ஊடுகதிர்ப் படத்தில் நிழலாகப் பார்த்த நோயை, உயிருள்ள மனிதரிடம் நேரில் பார்த்து எழுதும் வாய்ப்பு இக்குழுவினருக்கு நிறையவே கிட்டியது. எந்தக் கால் வாதம் சீழின் அழுத்தத்தால் வருகிறது, எது எலும்பின் முனையால் வருகிறது, எது நோய் தண்டுவட உறைக்குள்ளேயே புகுந்ததால் வருகிறது என்று பிரித்தறிய அது உதவியது. முதலிரண்டில் அறுவையால் நலம் பெற நல்வாய்ப்புண்டு. மூன்றாவதில் நம்பிக்கை குறைவு. நோயாளியிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதையும் இவ்வறிவே தீர்மானிக்கிறது.

தனிமனிதர் அல்லர், ஒரு குழு

1961இல் எலும்பியல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் தனித்துறையாயிற்று. அதன் முதல் பேராசிரியர் ஹாட்ஜ்சன். ஆனால், இச்சாதனையை ஒருவர் பெயரில் மட்டும் எழுதுவது நியாயமாகாது. உடற்குறையுள்ள குழந்தைகளுக்காக ஒரு சங்கத்தினர் சாண்டி பே எனும் கடலோரத்தில் 1956இல் ஓர் இல்லம் திறந்தனர். அறுவைக்குப் பின் குழந்தைகள் தேறியது அங்கேதான். 1968இல் அது கெண்ட் கோமகள் பெயரால் குழந்தைகள் எலும்பு மருத்துவமனையாக வளர்ந்தது.

ஹாரி ஃபாங் எனும் சீன மருத்துவர், சரவாக்கில் பிறந்து ஹாங்காங்கில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஓங் குவான் பீயுடன் சேர்ந்து, கழுத்தின் உச்சியிலுள்ள முள்ளெலும்புகளை வாயின் உள்வழியாகச் சென்றடையும் முறையை 1962இல் எழுதினார். நம் நாட்டு மண்ணில் பிறந்தவர் ஒருவருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு என்பதை மாணவர்களிடம் சொல்லலாம். ஹாரி ஃபாங் பின்னாளில் ஹாங்காங்கின் மறுவாழ்வுப் பணிகளுக்கே தம்மை அளித்துக்கொண்டவர்.

ஆர்தர் யாவ், ஜான் ஓ'பிரையன் ஆகியோர் ஹாட்ஜ்சனுடன் சேர்ந்து, பழகி இறுகிப்போன கூனை நிமிர்த்தும் வளையக் கருவியைப் பற்றி 1971இல் எழுதினர். மண்டையோட்டில் ஒரு வளையம், இடுப்பெலும்பில் ஒரு வளையம், இரண்டையும் இணைக்கும் கம்பிகள். அக்கம்பிகளை நாள்தோறும் சிறிது சிறிதாக நீட்டுவார்கள். குழந்தை அந்தக் கூண்டோடு எழுந்து நடமாடலாம். 1975இல் ஹாட்ஜ்சன் ஓய்வு பெற்றபோது யாவ் அத்துறையின் பேராசிரியரானார். ஆசிரியராகிய நமக்கு இது ஒரு செய்தி. தமக்குப் பின் அத்துறையை நடத்தவல்ல உள்ளூர் மாணவர்களை அவர் உருவாக்கிவிட்டுச் சென்றார்.

புகழ்பெற்ற முறைக்கு ஒரு தேர்வு

இவ்வளவில் நிறுத்தினால் இது வழக்கமான வெற்றிக்கதையாகிவிடும். நான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இனி வரும் பகுதியே.

ஹாங்காங் அறுவை சிறந்த பலனைத் தந்தது உண்மை. ஆனால், அந்நோயாளிகள் எல்லோரும் காசநோய் மருந்தையும் உட்கொண்டார்கள். அப்படியானால் குணமாக்கியது கத்தியா, மருந்தா? இக்கேள்விக்கு ஒரு மருத்துவரின் அனுபவம், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், விடை சொல்ல இயலாது. நலம் பெற்ற நூறு பேரைக் காட்டலாம். அறுவை இல்லாமலிருந்தால் அந்த நூறு பேரும் என்ன ஆகியிருப்பார்கள் என்று காட்ட முடியாது.

விடை காண, பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றம் முதுகெலும்புக் காசநோய்க்கென ஒரு பணிக்குழுவை அமைத்து, 1960களில் பல நாடுகளில் ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொடங்கியது. எந்த நோயாளிக்கு எந்த மருத்துவம் என்பதை மருத்துவர் விருப்பத்திற்கு விடாமல், குலுக்கல் போன்ற முறையில் தீர்மானித்தனர். அப்போதுதான் ஒப்பீடு நேர்மையானதாக இருக்கும்.

1973 முதல் முடிவுகள் வெளிவரத் தொடங்கின. கொரியாவின் மசான் நகரில், ஆறு மாதம் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர்களையும், வீட்டிலிருந்து நடந்து வந்து மருந்து பெற்றவர்களையும் ஒப்பிட்டனர். படுக்கை ஓய்வால் கூடுதல் பலன் ஏதுமில்லை. புசான் நகரில், ஒன்பது மாதம் மாவுக்கட்டு அணிந்தவர்களையும் அணியாதவர்களையும் ஒப்பிட்டனர். மாவுக்கட்டாலும் கூடுதல் பலன் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைக் கட்டிலில் கட்டிப்போட்ட வழக்கம் இரண்டு ஆய்வுகளில் சரிந்தது.

ஹாங்காங்கில், ஹாட்ஜ்சனின் துறையே தன் முழு அறுவையை ஒப்பீட்டுக்கு உட்படுத்தியது. அது, செத்த எலும்பைச் சுரண்டி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளும் சிறிய அறுவையோடு ஒப்பிடப்பட்டது. முழு அறுவையில் எலும்பு விரைவாக ஒட்டியது. கூன் குறைவாக இருந்தது. நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தபோதும் அந்த மேன்மை நிலைத்தது. அதாவது, அறுவையின் தனிச்சிறப்பு உறுதிப்பட்டது. ஆனால், கிருமியை ஒழித்து நோயாளியை நலமாக்குவதில் மருந்து தனியாகவே பெரும்பணியைச் செய்துவிடுகிறது என்பதும் எல்லா ஆய்வுகளிலும் உறுதிப்பட்டது. நடக்கவே இயலாத அளவுக்குக் கால் வாதம் கண்டவர்கள் இவ்வாய்வுகளில் சேர்க்கப்படவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர்கள் விஷயத்தில் மருத்துவரின் தேர்ந்த முடிவே துணை.

தம் பெயரை உலகறியச் செய்த முறையை இப்படி ஒரு தேர்வுக்கு ஒப்படைக்க எத்தனை பேர் முன்வருவர்? தோற்றால் புகழ் போகும். பாதி வென்றால் பாதிப் புகழ் போகும். ஆயினும், நோயாளிக்கு எது நல்லது என்று தெரிய வேறு வழியில்லை.

சென்னையின் பங்கு

இவ்வரலாற்றின் அடுத்த கட்டம் சென்னையில் நிகழ்ந்தது. 1956இல் அங்குக் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பெற்றது. சேத்துப்பட்டில் அமைந்த அம்மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனும் பெயர் தாங்கி நிற்கிறது. காசநோயாளியை மருத்துவமனையில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய பெருமை இம்மையத்தையே சாரும்.

ரிஃபாம்பிசின் எனும் ஆற்றல்மிகு மருந்து வந்த பிறகு, 1970களின் நடுவில், இம்மையம் சென்னை அரசு மருத்துவமனைகளின் எலும்பியல் மருத்துவர்களோடு இணைந்து முதுகெலும்புக் காசநோயாளிகளை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு ஹாங்காங் அறுவையும் ஆறு மாத மருந்தும். இரண்டாம் பிரிவினருக்கு அறுவையின்றி ஆறு மாத மருந்து. மூன்றாம் பிரிவினருக்கு அறுவையின்றி ஒன்பது மாத மருந்து. பத்தாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1999இல் முடிவை வெளியிட்டனர். மூன்று பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரோ அதற்கு மேலோ நலமாக இருந்தனர். அறுவையில்லாத இரு பிரிவினரும் எவ்வகையிலும் பின்தங்கவில்லை.

இதன் பொருளை உணர்ந்து பார்க்க வேண்டும். மார்பைத் திறக்கும் பேரறுவை செய்ய வசதியில்லாத சிற்றூர்களில்கூட, மாத்திரையைக் கொண்டே பெரும்பாலோரைக் குணப்படுத்தலாம் என்று அது மெய்ப்பித்தது.

அப்படியானால் கத்தி யாருக்கு?

ஆனால், சென்னை ஆய்வு ஒரு விதிவிலக்கையும் தெளிவாகச் சொன்னது. பதினைந்து வயதுக்கு உட்பட்டு, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் உள்ள குழந்தைகளுக்கு, மருந்து நோயைத் தீர்த்த பின்னும் கூன் வளர்ந்துகொண்டே சென்றது. குழந்தையின் எலும்பு வளரும் எலும்பு. முன்பக்கத்தின் வளர்முனைகளை நோய் தின்றுவிட்டது, பின்பக்கமோ வளர்கிறது. ஆகவே, முதுகு மேலும் மேலும் முன்னோக்கி வளைகிறது. கடுமையான கூன் நுரையீரலை நெருக்கும். பல ஆண்டுகளுக்குப் பின் தண்டுவடத்தையும் கெடுத்துக் கால்களை முடக்கலாம்.

எனினும், எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி நேர்வதில்லை. சிலருக்கு வளர வளரக் கூன் தானே குறைவதும் உண்டு. எந்தக் குழந்தைக்குக் கூடும், எந்தக் குழந்தைக்குக் குறையும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா? இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் தமிழ் மருத்துவர்கள். சென்னையின் மூத்த எலும்பியல் பேராசிரியர் தி. க. சண்முகசுந்தரமும், அவரோடு பணியாற்றிய ச. இராஜசேகரனும், நோயின் தொடக்கத்தில் எவ்வளவு எலும்பு அழிந்துள்ளது என்பதைக் கொண்டு இறுதியில் கூன் எத்தனை பாகை இருக்கும் என்று கணிக்கும் வாய்பாட்டை 1987இல் வெளியிட்டனர். பின்னர்க் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பியல் துறையை உலகறியச் செய்தவர் இராஜசேகரன். அவர் குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஊடுகதிர்ப் படத்தில் காணத்தக்க நான்கு எச்சரிக்கை அறிகுறிகளை 2001இல் எழுதினார். அவற்றுள் இரண்டுக்கு மேல் தெரிந்தால், அக்குழந்தைக்கு அறுவை தேவைப்படும், காத்திருத்தல் கூடாது.

பேருந்தில் பல மணி நேரம் பயணம் செய்து வரும் ஏழைத் தாய் ஒருத்தியிடம், "அம்மா, உங்கள் பிள்ளைக்கு மருந்து போதும், கத்தி வேண்டாம்" என்றோ, "இவனுக்கு இப்போதே அறுவை செய்ய வேண்டும்" என்றோ உறுதியாகச் சொல்ல ஒரு மருத்துவருக்குத் துணைநிற்பது இந்த நெடிய உழைப்பே. நிபுணத்துவம் என்று நான் கருதுவது இதைத்தான். எல்லாருக்கும் அறுவை செய்யத் தெரிவது கைத்திறன். யாருக்குச் செய்ய வேண்டாம் என்று தெரிவதே நிபுணத்துவம்.

ஹாட்ஜ்சனின் முன்வழியும் வீண்போகவில்லை. காசநோய்க்கெனப் பிறந்த அவ்வழி, இன்று முதுகெலும்பின் முறிவு, கட்டி, பக்கவாட்டு வளைவு எனப் பல நோய்களுக்கும் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவின் ஆலன் ட்வையர் 1969இல் பக்கவாட்டு வளைவை முன்பக்கமாகச் சென்று திருகாணியாலும் கம்பிவடத்தாலும் நிமிர்த்தும் முறையை அறிவித்தார். முன்பக்கத்தை அஞ்சாமல் அணுகலாம் என்று காட்டிய முன்னோடிகளுள் ஹாங்காங் குழுவினர் தலையாயவர்.

நாம் கவனிக்க வேண்டியவை

இது அயல்நாட்டுப் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். மலேசியாவில் அண்மைய ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 20,000க்கு மேற்பட்டோருக்குப் புதிதாகக் காசநோய் கண்டறியப்படுகிறது. பிறந்த குழந்தைக்குப் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, குழந்தைகளைக் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காக்கவே போடப்படுகிறது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் கீழ்க்காண்பவற்றை மனத்தில் கொள்ளலாம்:

1. குழந்தைக்கு வாரக்கணக்கில் நீங்காத முதுகுவலி இருந்தால் புத்தகப்பையின் மீது பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், எடை குறைதல், இரவில் வலியால் அழுதல் ஆகியவை உடனிருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. கீழே விழுந்த பென்சிலைக் குனிந்து எடுக்காமல், முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கும் குழந்தையைக் கவனியுங்கள். முதுகெலும்பு நோயின் பழைய அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

3. முதுகின் நடுவில் சிறு புடைப்பு தெரிந்தாலும், நடை தடுமாறினாலும், கால் மரத்துப்போனாலும் காலம் தாழ்த்தக்கூடாது. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது இதற்கு மருந்தாகாது.

4. காசநோய் மருந்தைத் தொடங்கினால் மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தக்கூடாது. இரண்டு மாதத்தில் உடல் தேறியதும் விட்டுவிடுவதே பெருங்கேடு.

மருத்துவராக விரும்பும் மாணவனிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு, ஈராண்டுப் பயிற்சி மருத்துவப் பணி, அதன்பின் நான்காண்டு எலும்பியல் மேற்படிப்பு, அதற்கும் பிறகு முதுகெலும்புக்கெனத் தனிப்பயிற்சி என்று வழி நீளுகிறது. மேல்நிலைத் தேர்வில் பெறும் புள்ளிகள் அவ்வழியின் வாசல் மட்டுமே. நேராகப் பார்க்கும் கண்ணும், பொறுமையாகப் பின்தொடரும் பழக்கமும், தன் கருத்தைத் தேர்வுக்கு வைக்கும் நேர்மையும் வழிநெடுகத் தேவைப்படும். இவற்றைத் தொடக்கப்பள்ளியிலேயே பழக்க முடியும். அறிவியல் பரிசோதனையில் எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும், வந்த முடிவையே எழுது என்று சொல்லும் ஆசிரியர் அப்பயிற்சியைத்தான் அளிக்கிறார்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் பிள்ளை மருத்துவராக வேண்டும் என்று சொல்லும்போது மகிழுங்கள். கூடவே, ஹாங்காங் மலைச்சரிவில் கூன் விழுந்து கிடந்த குழந்தைகளின் கதையையும், அவர்களை நிமிர்த்தியவர்களின் கதையையும், கத்தியைக் கீழே வைக்கவும் கற்றுத் தந்த சென்னையின் கதையையும் சொல்லுங்கள்.

இக்கட்டுரையை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஏற்பச் சுருக்கி, வாசிப்புப் பகுதியாகப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியன்